லாயல்ட்டி என்றொரு டேங்கர்

ஜலகண்டாபுரத்துக்கும் கடலுக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை. கிழக்கே போனால் கடலூர், மேற்கே போனால் கொச்சி. எந்தப் பக்கம் போனாலும் பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். ஊர்க்காரர்கள் கண்ட பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். அதுவும் வற்றிப்போன வருஷங்களில், பண்ணவாடியில் முங்கிக் கிடக்கும் பழைய நந்தி தலையைக் காட்டும் அளவுக்கு இறங்கிவிடும். தறிச் சத்தத்தில் விடிந்து தறிச் சத்தத்தில் இருட்டுகிற ஊரில், இரண்டாம் உலகப்போரில் எண்ணெய் சுமந்த கப்பலைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?

இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் தறிக்கு அடுத்தபடி சோறு போடுவது லாரி. சங்ககிரி லாரிக்குப் பேர்போனது. சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றிச் செல்லும் டேங்கர் உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கம் நாமக்கல்லில் இருந்துதான் நடக்கிறது. அவர்கள் வண்டியை நிறுத்தினால் தென்மாநிலங்களின் சிலிண்டர் நிரப்பும் ஆலைகள் நாட்களை எண்ண ஆரம்பிக்கும். டிப் ராடை விட்டு அளவு பார்ப்பது, சீலைச் சரிபார்ப்பது, ஹோஸை மாட்டும் முன் எர்த் கம்பியைக் கவ்வவைப்பது, சைலன்சரில் தீப்பொறி தடுக்கும் வலையை மாட்டாமல் டிப்போ கேட்டுக்குள் நுழையாமல் இருப்பது எல்லாம் இந்தப் பக்கத்தில் பத்தாம் வகுப்பு தாண்டாத பையன்களுக்கும் தெரியும். நிறைந்த டேங்கரைவிடக் காலி டேங்கர்தான் ஆபத்து என்பதும் தெரியும். எண்ணெய் இறங்கிய பிறகு உள்ளே தங்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். பட்டறையில் நன்றாகக் கழுவி, ஆவி போனதா என்று பார்க்காமல் எவரும் வெல்டிங் வைக்கமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் வண்டி முதலாளி போனில் கேட்கும் முதல் கேள்வி, "லோடு எறங்கிருச்சுங்களா?" என்பது. வழியில் மழையா, மறியலா, டயர் வெடித்ததா என்பதெல்லாம் பிறகுதான். கடற்படை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. யார் சுட்டார், யார் மூழ்கினார் என்றுதான் கேட்கிறார்கள். அதனாலேயே எண்ணெய்க் கப்பல்களின் கதை எப்போதும் அடிக்குறிப்பாகவே தங்கிவிடுகிறது. அப்படி அடிக்குறிப்பாகிப் போன ஒன்று 'பிரிட்டிஷ் லாயல்ட்டி'.

1928இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது அது. பதிவு டன்னேஜ் 6,993. பாரசீக எண்ணெயை உலகெங்கும் ஏற்றிச்செல்ல அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் டேங்கர் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியின் கப்பல்களுக்கெல்லாம் முதல் பெயர் 'பிரிட்டிஷ்'தான். இரண்டாவது பெயர் மட்டும் மாறும். பீரங்கியும் பளபளப்பும் எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம்தான். பின்பக்கம் எஞ்சின், நடுவில் மாலுமி மேடை, மீதியெல்லாம் அறை அறையாகத் தடுக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டி. அமைதிக் காலத்தில் இதன் வாழ்க்கையில் எழுத ஒன்றுமில்லை. நிரப்பு, போ, இறக்கு, திரும்பு.

போர் வந்ததும் இந்தியப் பெருங்கடலில் எல்லாம் எண்ணெய்க் கணக்காகிவிட்டது. 1942 மார்ச் கடைசியில் பிரிட்டனின் கீழைக் கடற்படைத் தளபதி சோமர்வில், ஜப்பானியர் இலங்கையைத் தாக்க வருகிறார்கள் என்ற தகவலை நம்பி, தன் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே காத்துக் கிடந்தார். மூன்று நாளாகியும் எதிரி வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் தண்ணீர் தட்டுப்பாடு. எண்ணெயும் குறைந்துகொண்டே வந்தது. ஏப்ரல் 2 இரவு கப்பல்களைத் திருப்பிக்கொண்டு, சுமார் 600 மைல் தென்மேற்கே மாலத்தீவின் கடைசிப் பவளத் தீவுக்கூட்டமான அட்டுவுக்குப் போனார். அங்கே பிரிட்டன் ரகசியமாகக் கட்டிவைத்திருந்த தளத்துக்கு 'போர்ட் டி' என்று சங்கேதப் பெயர். ஏப்ரல் 4 நண்பகலில் போய்ச்சேர்ந்து எண்ணெய் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில், ஜப்பானியக் கப்பல்களைப் பார்த்துவிட்டதாகக் கடல்விமானம் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. எதிரில் வந்தது ஜப்பானியத் தளபதி நகுமோவின், ஐந்து விமானந்தாங்கிகளைக் கொண்ட படை. சோமர்வில் காத்திருந்த இடத்திலேயே நின்றிருந்தால் அந்தக் கடற்படையில் பெரும்பகுதி மிஞ்சியிருக்காது என்பதே பலரின் கணிப்பு. காப்பாற்றியது தந்திரம் என்று சொல்ல முடியாது. காலியாகிக்கொண்டிருந்த தொட்டிகள் காப்பாற்றின.

நகுமோவும் தன் டேங்கர்களை நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்தார். பேர்ள் ஹார்பருக்குப் போன படைக்கு எண்ணெய் கொடுத்த 'ஷின்கோகு மாரு' இந்தப் பயணத்திலும் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ட்ரூக் தீவில் அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன.

ஏப்ரல் 5 ஞாயிறு, ஈஸ்டர். கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னையில் அந்த மாதம் பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்குக் கிளம்பியதைப் பழைய ஆட்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 9 திருகோணமலையின் முறை. முந்தின இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல், மேல்தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக்கு எதிரே மாட்டிக்கொண்டது. 307 பேர் இறந்தார்கள். ஹெர்மிஸைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அதன் சிதைவைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து முக்குளிப்பவர்கள் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். அதே நாள், அதே கடலில், அதே விமானங்கள் 'அதெல்ஸ்டேன்' என்ற கடற்படை எண்ணெய்க் கப்பலையும் அதற்குத் துணைபோன 'ஹாலிஹாக்' கப்பலையும், 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற டேங்கரையும் மூழ்கடித்தன. ஹெர்மிஸ் என்றால் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அதெல்ஸ்டேன் தெரியும்?

அன்றைக்கே திருகோணமலை சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தொட்டியின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று வந்து விழுந்தது. நெருப்பு நாள்கணக்கில் எரிந்தது. பிரிட்டிஷார் கட்டிய அந்தத் தொட்டிகளில் 99 இன்னும் நிற்கின்றன. ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் கொள்ளும். சங்ககிரி டிப்போவில் நிற்கும் 12 கிலோலிட்டர் லாரியில் அதை நிரப்ப வேண்டுமென்றால் ஆயிரம் லோடு அடிக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தொட்டிக்கு! 2003இல் இந்தியன் ஆயிலின் கிளையான லங்கா ஐஓசி உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் தொட்டிகளைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கையின் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பெனிக்கு. அந்தப் பழைய இரும்புக்காக இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசுகின்றன. ஹெர்மிஸுக்காக யாரும் பேச வரவில்லை.

லாயல்ட்டிக்கு வருவோம். இலங்கைத் தாக்குதலுக்குப் பிறகு, மடகாஸ்கர் ஜப்பானியர் கைக்குப் போய்விடுமோ என்று பயந்து, அதன் வடமுனையில் உள்ள தியேகோ சுவாரெஸ் துறைமுகத்தைப் பிரிட்டன் மே மாதம் பிடித்துக்கொண்டது. மே 30 இரவு, வெளியே நின்ற ஜப்பானிய நீர்மூழ்கிகள் இரண்டு பேர் மட்டும் ஓட்டும் குட்டி நீர்மூழ்கிகளை உள்ளே அனுப்பின. முதல் டார்ப்பிடோ 'ராமில்லீஸ்' போர்க்கப்பலைத் தாக்கியது. அடுத்ததும் அதற்கு வைத்த குறிதான் என்கிறார்கள். நங்கூரத்தை எடுத்து நகரத் தொடங்கியிருந்த லாயல்ட்டி நடுவில் வந்து அதை வாங்கிக்கொண்டு மூழ்கியது. ஊழியர்களில் சிலர் உயிரிழந்தார்கள்.

வேண்டுமென்று குறுக்கே போனதா, தப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டதா? பெயரை வைத்துக்கொண்டு ஒரு தியாகக் கதை கட்டுவது சுலபம். கட்டாமல் இருப்பதே நல்லது. நெருப்புப் பற்றும் இடத்திலிருந்து வண்டியை நகர்த்து என்பது டேங்கர் ஓட்டும் எவருக்கும் கையோடு வரும் புத்தி. கேப்டன் அதைத்தான் செய்தார். ராமில்லீஸ் ஒட்டுப்போட்டுக்கொண்டு டர்பன் போய், பிறகு போருக்குத் திரும்பியது. அதன் பெயர் எல்லா நூல்களிலும் இருக்கிறது.

லாயல்ட்டியின் உண்மையான உத்தியோகம் மூழ்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்த வருஷக் கடைசியில் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். இனிமேல் பயணம் போகாது. ஆனால் தொட்டிகள் இருக்கின்றனவே? அட்டுவுக்குக் கொண்டுபோய், சுற்றிலும் பவளப்பாறை அரணாக நிற்கும் காயலுக்குள் நங்கூரமிட்டு, மிதக்கும் எண்ணெய்க் கிடங்காக்கினார்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கடல்தான். அந்த வழியாகப் போகும் போர்க்கப்பலுக்கு அங்கே பத்து மணி நேரம் நின்று எண்ணெய் பிடிக்க முடிந்தால், அதுவே ஒரு படை. நொண்டியாகிப் போன பிறகும் லோடு இறக்கிக்கொண்டே இருந்த கப்பல் என்று இதைச் சொல்லலாம்.

எண்ணெய் ஏற்றுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்தால்தான் இந்த நொண்டியின் மதிப்பு புரியும். துறைமுகத்தில் என்றால் கயிறு கட்டி, ஹோஸ் மாட்டி, வால்வைத் திறந்துவிட்டுக் காத்திருக்கலாம். ஓடுகிற கடலில் அப்படியல்ல. 1917இல் அட்லாண்டிக்கில் 'மாமி' என்ற அமெரிக்க டேங்கர், ஓடிக்கொண்டே பக்கத்தில் ஓடும் நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்துக் காட்டியது. அதன் எஞ்சின் பொறுப்பில் இருந்தவர் செஸ்டர் நிமிட்ஸ். பின்னாளில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைக்குத் தளபதியானவர். இரண்டு கப்பலும் சில பத்து மீட்டர் இடைவெளியில் ஒரே வேகத்தில் ஒரே திசையில் ஓட வேண்டும். நடுவில் தண்ணீர் பிதுங்கிக் கொந்தளித்து இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுக்கானைக் கொஞ்சம் அசட்டையாகத் திருப்பினால் ஹோஸ் அறுந்து, கருப்பு ஃபர்னஸ் ஆயில் தளமெங்கும் கொட்டும். இன்னும் கொஞ்சம் அசட்டை என்றால் மோதல். பிரிட்டிஷார் நெடுங்காலம் வேறு வழி வைத்திருந்தார்கள். டேங்கரின் பின்னால் ரப்பர் ஹோஸை மிதக்கவிட்டு, போர்க்கப்பல் அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர வேண்டும். பாதுகாப்புதான், ஆனால் நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் 1945இல் பசிபிக்கில் அமெரிக்கர்களுக்குப் பக்கத்தில் ஓட நேர்ந்தபோது பிரிட்டிஷ் கடற்படையை வெட்கப்பட வைத்தது.

1944 மார்ச் 9. பினாங்கிலிருந்து இயங்கிய யு-183 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அட்டுவுக்கு வெளியே வந்து நின்றது. ஓட்டியவர் ஃபிரிட்ஸ் ஷ்னீவிண்ட். சுமத்ராவில் பிறந்த ஜெர்மானியர். காயலின் வாயில்களில் டார்ப்பிடோவைத் தடுக்க வலை போட்டிருந்தார்கள். வலையில் ஒரு இடைவெளி. அதன் வழியே உள்ளே நின்றிருந்த லாயல்ட்டி தெரிந்தது. வெளியிலிருந்தே சுட்டார், பட்டது. ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த ஒரு கிழட்டு டேங்கருக்கு அவர் ஏன் ஒரு டார்ப்பிடோவைச் செலவழித்தார் என்று வியக்க வேண்டியதில்லை. அது யாருக்குச் சாப்பாடு போடுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றே நாள் கழித்து, மார்ச் 12, மொரீஷியஸுக்குத் தென்கிழக்கே 'பிராக்கே' என்ற ஜெர்மன் டேங்கர் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தை ஒரு பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் கண்டுபிடித்து, அதன் கதையை முடித்தது. ஒரு மாதம் முன்புதான் அதன் கூட்டாளி 'ஷார்லட் ஷ்லீமான்' போயிருந்தது. ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படித்துத்தான் பிரிட்டிஷார் அந்தச் சந்திப்பு இடங்களைத் தெரிந்துகொண்டார்கள். போர்க்கப்பலுக்குப் போர்க்கப்பல் மோதிய சண்டைகளைவிட, எதிராளியின் டேங்கரைத் தேடி அழித்த இந்த வேட்டைதான் இந்தியப் பெருங்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் கையைக் கட்டிப்போட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எல்லோருக்கும் தெரியும். அதற்கு நிலக்கரி சுமந்து கூடவே வந்த 'மார்கோமானியா'வைத்தான் தெரியாது. சீனக்கரையிலிருந்து வங்காள விரிகுடா வரை அந்தக் கப்பல் கூட வராவிட்டால் எம்டன் வந்திருக்காது. அக்டோபரில் அது சுமத்ராவுக்கருகே பிடிபட்டு மூழ்கியது. பிறகு, எம்டன் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த 'பியூரெஸ்க்' என்ற நிலக்கரிக் கப்பல் அந்த வேலையைச் செய்தது. நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவருகே தொடுவானத்தில் புகை தெரிந்தபோது, எம்டனில் இருந்தவர்கள் பியூரெஸ்க்தான் நிலக்கரியோடு வருகிறது என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி'. எம்டன் அன்றோடு முடிந்தது. நிலக்கரிக்காகக் காத்துக்கொண்டே வீழ்ந்த கப்பல் அது.

சுதந்திர இந்தியாவின் கதையும் இதே வரிசைதான். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கிய படையில் நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். அவற்றின் பெயரால்தான் கடற்படை தினம் கொண்டாடுகிறோம். கரையோரக் காவலுக்காக வாங்கிய சின்னப் படகுகள் அவை; அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அந்தப் பட்டியலின் கடைசியில் 'போஷக்' என்ற எண்ணெய்க் கப்பலின் பெயரும் இருக்கும். நான்கு நாள் கழித்து நடந்த இரண்டாவது தாக்குதலில் ஏவுகணை பட்டவற்றில் ஒன்று பாகிஸ்தான் கடற்படையின் டேங்கர் 'டாக்கா'. 1944இல் அமெரிக்கா போருக்காகக் கட்டிய எண்ணெய்க் கப்பல் அது. ஏறத்தாழ இருபது வருஷம் அமெரிக்கக் கொடியின் கீழ் இருந்துவிட்டு, கைமாறிக் கராச்சிக்கு வந்து, அங்கே அடிபட்டது. கடற்படைகள் வேறு, கொடி வேறு, காலம் வேறு. குறி மட்டும் மாறவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் லாயல்ட்டியால் யாருக்கும் பயனில்லை. 1946 ஜனவரியில் பிரிட்டிஷாரே அதை அட்டு காயலுக்குள் மூழ்கடித்தார்கள். இன்றைக்கு அங்கே பவளமும் மீனும் குடியிருக்கின்றன. சுற்றுலாக் கம்பெனிகளின் விளம்பரத்தில் 'முக்குளிக்க ஏற்ற இடம்' என்று அதன் பெயர் இருக்கும்.

ஆட்கள்தான் மீதி. போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். எஞ்சின் அறை, பாய்லர், சமையல், தளம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. அதே வேலைக்கு வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்குச் சம்பளம். 1939இல் கப்பல் கப்பலாக வேலைநிறுத்தம் செய்துதான் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்கள். டார்ப்பிடோ முதலில் படுவது பெரும்பாலும் இவர்கள் இருக்கும் எஞ்சின் அறையில்தான். கப்பல் மூழ்கிய தேதியோடு சம்பளமும் நின்றுவிடும் என்ற விதி பிரிட்டிஷ் மாலுமிகளுக்கே 1941 வரை இருந்தது! கவிழ்ந்த லாரியின் டிரைவர், அடுத்த வண்டி கிடைக்கும்வரை படி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லண்டன் டவர் ஹில்லில் இரண்டாம் உலகப்போரில் கடலில் போன வணிகக் கப்பல் மாலுமிகளில் சுமார் 24,000 பேரின் பெயர்களை வெண்கலத் தகடுகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கே இல்லை. கடற்படையினரும் வணிக மாலுமிகளுமாக 6,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு, அதன் ஒரு பிரதி மும்பையிலும் மற்றொன்று சட்டகிராமத்திலும் வைக்கப்பட்டன. கல்லிலோ வெண்கலத்திலோ அல்ல, தாளில்.

அந்தப் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இப்போது யாரும் தேடிப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ காரைக்காலிலோ, தாத்தா கப்பலுக்குப் போனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வீடுகளில், கப்பல் பணியைப் பதிவு செய்யும் பழைய சி.டி.சி. புத்தகம் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடந்தால், அதை எடுத்து அதில் எழுதியிருக்கும் கப்பல்களின் பெயரைப் படியுங்கள். பெரும்பாலும் அவை போர்க்கப்பலாக இருக்காது. அந்தப் பெயரையும் தாத்தாவின் பெயரையும் அந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். கிடைத்ததை உள்ளூர் நூலகத்திலாவது எழுதி வையுங்கள்.